நான் கொடுக்கவில்லை

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்கத்து மாடிவீடு, பிள்ளைகளே. பின்னேர வெயில் மேசையில் கிடக்கும் மனுவின்மேல் சாய்ந்திருக்கிறது. யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இராணுவம் வைத்திருக்கும் தன் வீட்டைத் திருப்பிக் கேட்டு நாகேந்திரம் எழுதிய மனு அது. சட்டத்தரணி உஷாந்தியின் பேனை 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லில் நிற்கிறது. "அங்கிள், சர்வதேசச் சட்டத்தில இது வேற நாட்டு ஆமி ஒரு இடத்தை உண்மையிலேயே தன்ர கட்டுப்பாட்டில வச்சிருந்தால் சொல்லுற சொல். இது எங்கட நாட்டு ஆமி. இதைச் சாட்டா வச்சே மனுவைத் திருப்பி அனுப்பிடுவினம்." "அப்ப முப்பத்தைஞ்சு வருசமா என்ர கிணத்தில குளிக்கிறவை ஆர் பிள்ளை? நான் கூப்பிட்ட விருந்தாளியளோ?" அவள் சிரிப்பை அடக்கிக்கொள்கிறாள். கரையோர ரயில் போக, யன்னல் கண்ணாடி அதிர்கிறது. அவள் அந்தச் சொல்லை வெட்டி, மேலே எழுதி வாசிக்கிறாள்: 'வீடு என்னுடையது. அதில் படையினர் இருக்கிறார்கள். நான் கொடுக்கவில்லை.' நாகேந்திரம் தாளை வாங்கி உதடசைத்து இரண்டுதரம் வாசிக்கிறார். "ஓம் பிள்ளை, இதுதான். இவ்வளவு காலமும் எல்லாரும் என்னட்டைக் காணி உறுதியைத்தான் கேட்டவை. நீங்கள் குடுத்தனீங்களோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை." மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்துக் கைகூப்புகிறார். அவள் பதறி எழுந்து அந்தக் கைகளைப் பிடித்து இறக்கி, விரல்களுக்கிடையில் பேனையை வைக்கிறாள்.