அரபியில் வந்த பதில்

“என்னண்ணே இது, கட்டம் கட்டமாத் தெரியுது? ஒரு எழுத்தும் காணோமே?”

திரையைப் பார்த்துக் கேட்டாள் பிரவீணா. அரியலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் சுதர்சன், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டான்.

“மஸ்கட் கம்பெனிக்காரன் அரபியில பதில் போட்டிருக்கான்மா. இது பழைய சிஸ்டம், அரபி ஏத்தல. என் போன்ல படிச்சுச் சொல்லவா?”

“படிச்சா மட்டும் பத்தாதுண்ணே. அவங்க அனுப்புனபடியே பேப்பர்ல வேணும். எவ்ளோ நேரமானாலும் இருக்கேன்.”

போன வாரம் அவளுக்காக அந்தக் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் மனு அடித்துக் கொடுத்தவன் சுதர்சன்தான். ‘என் கணவர் அருள்முருகன் ஊருக்கு வந்து ஐந்து வருடமாகிறது. மகளுக்குக் காது குத்த வேண்டும். தயவுசெய்து ஒரு மாதம் விடுமுறை கொடுங்கள்.’ அடிக்கும்போதே அவனுக்கு மனசு கனத்துப்போனது.

பதில் வந்திருப்பதாக அவன் போனில் சொன்ன பிறகு, திருமானூரிலிருந்து மூன்று நாளாக பஸ் ஏறி வருகிறாள். முதல் நாள் கரண்ட் இல்லை. நேற்று நெட் இல்லை. இன்று கடை திறக்குமுன்பே வாசலில் நின்றிருந்தாள்.

சுதர்சன் மொழிப் பட்டியலில் அரபியைச் சேர்த்தான். எழுத்துருவை இறக்கினான். கட்டங்கள் போய் எழுத்துகள் வந்தன. ஆனால் பிய்த்துப்போட்ட மாதிரி தனித்தனியாகக் கிடந்தன.

“பள்ளிவாசல் போர்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்குமேண்ணே. இது அப்படி இல்லியே?”

“ஆமாம்மா, செட்டிங் இன்னும் மாத்தணும்.”

மாற்றினான். கம்ப்யூட்டர் இரண்டு தடவை அப்படியே உறைந்துபோனது.

“நாளைக்கு வாயேன்மா.”

“இன்னைக்கே முடிச்சிடுங்கண்ணே.”

மூன்றாவது முயற்சியில் எழுத்துகள் கைகோத்துக்கொண்டு வலமிருந்து இடமாக ஓடின. கடிதத்தைத் தமிழுக்கு மாற்றிப் பார்த்தவன் சட்டென்று கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

“லீவு தராங்களாமா?”

“மொழிபெயர்ப்பு சரியா வரலம்மா…”

“பரவால்ல, படிங்க.”

தயங்கித் தயங்கிப் படித்தான். “‘அருள்முருகன் இப்போது எங்களிடம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வேலையை விட்டுவிட்டு இந்தியா திரும்பிவிட்டார்.’”

சுதர்சன் பதறிப்போய் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

“உக்காரும்மா. பேரு மாறிப்போயிருக்கும். வாராவாரம் மஸ்கட்லேர்ந்து உங்கிட்ட பேசுறவரு எப்படி இங்க இருப்பாரு?”

அவள் உட்காரவில்லை.

“ரெண்டு காப்பி எடுங்கண்ணே, வக்கீல் கேட்டாரு. போன மாசம் திருச்சியில ஒரு கல்யாண மண்டபத்துல அவரையும் புதுப் பொண்டாட்டியையும் நேர்ல பார்த்தேன். அன்னைக்குச் சாயங்காலமே எனக்கு போன் பண்ணி, மஸ்கட்ல வெயில் தாங்க முடியலன்னாரு.”