அசல் அமெரிக்க ரகம்

பெட்டிக்குள்ளிருந்து சரசரவென்று சத்தம் வந்தது. மூடி நெடுக ஊசியால் குத்திய ஓட்டைகள். குய்லிங் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, நிறைமாதக்காரி போல மெதுவாக முற்றத்துக்குள் நடந்து வந்தாள்.

கரப்பான் பண்ணை முதலாளி பாவுக்கு வாயிலிருந்த தேநீர் கசந்தது. முற்றத்து மேசைகளில் பக்கத்து ஊர்க்காரர்கள் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒப்பந்தத் தாளும் சிவப்பு மைத்தட்டும் தயாராக இருந்தன. பெருவிரலைப் பதித்துவிட்டால் நாளைக்கே வீட்டுக்கு வீடு கரப்பான் குஞ்சு போய் இறங்கும். வளர்த்துக் கொடுப்பதை பாவ் வாங்கி, கரப்பானை அரைத்துச் சீன மருந்து செய்யும் கம்பெனிக்கு அனுப்புவான், அதுதான் பேச்சு.

குய்லிங்கும் போன வருஷம் இப்படித்தான் விரல் பதித்தாள். பன்றிகளை விற்ற காசை பாவிடம் கொடுத்துக் குஞ்சுகளை வாங்கி, பன்றிக் கொட்டகையில் விட்டாள். பெருவிரல் நீளம் வளரும், கழுத்தில் மஞ்சள் வளையம் விழும், அசல் அமெரிக்க ரகம் என்று சொல்லித்தான் பாவ் கொடுத்திருந்தான்.

அவளும் பூசணிக்காயை அவித்துப் போட்டாள், தவிடு போட்டாள், இன்றைக்கு வளரும் நாளைக்கு வளரும் என்று பார்த்திருந்தாள். இறக்கைகூட முளைத்துவிட்டது, உடம்பு மட்டும் நகத்தின் அளவைத் தாண்டவில்லை. கம்பெனிக்காரன் சிரித்துக்கொண்டே மூட்டையைத் திருப்பி அனுப்பினான். கழுத்துப் பட்டையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட ஜெர்மன் ரகம். எந்த அடுப்படியிலும் சும்மா கிடைப்பது, மருந்துக்கு ஆகாது.

பஞ்சாயத்தில் பாவ் அசரவில்லை. "நான் குடுத்தது அசல் அமெரிக்கா. அதைப் பட்டினி போட்டுக் கொன்னுட்டா. இது அவ அடுப்படியிலேருந்து வந்து பெருகினது" என்றான். சாட்சி இல்லையே என்று ஊர்க் கமிட்டித் தலைவர் மெங் கையை விரித்துவிட்டார். குய்லிங்கின் புருஷன் தெற்கே கட்டட வேலைக்குப் போனான். ஊரில் அவளுக்கு 'அடுப்படிப் பூச்சி' என்று பேர் விழுந்தது.

அந்த மெங் இன்று முதல் மேசையில், கொழுக்கட்டைத் தட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"வா தங்கச்சி, சாப்பிட்டியா?" பாவ் சிரிக்கப் பார்த்தான். "கையில என்ன?"

"உங்க பொருள்தான் முதலாளி. நீங்க குடுத்த குஞ்சுங்களோட பேரப்பிள்ளைங்க. திருப்பிக் கொண்டாந்திருக்கேன்."

"பொண்ணு வீட்டுச் சீர் மாதிரியில்ல வருது!" என்றார் ஒரு கிழவர். நாலு பேர் சிரித்தார்கள்.

குய்லிங் பெட்டியை மேசையில் வைத்தாள். சரசரப்பு நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

"நல்லது, நல்லது. அங்கேயே இருக்கட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

"அப்புறம் எதுக்கு? சொந்தக்காரங்களோட சேர்ந்து இருக்கட்டும். பெரிய கொட்டகையில விட்டுட்டுப் போறேன்." அவள் பெட்டியைத் தூக்கினாள். மறுபடியும் சரசர.

பாவ் கொட்டகைப் பக்கம் திரும்பினான். பத்து மாதமாக வளர்த்த பூச்சி மொத்தமும் பெரிய கொட்டகையில்தான் இருந்தது. நாளைக் காலை கம்பெனி லாரி வருகிறது. அமெரிக்க ரகத்துக்குள் ஒரே ஒரு ஜெர்மன் கிடைத்தாலும் லாரியோடு திருப்பிவிடுவார்கள். உள்ளே புகுந்துவிட்டால் கொட்டகைக்கே நெருப்பு வைத்தாலொழிய அது போகாது.

"ஏய், அந்தப் பக்கம் போகாத!"

"ஏன் முதலாளி? அமெரிக்காவும் அமெரிக்காவும் சேர்ந்தா என்ன கெட்டுப்போச்சு?"

"அது உன் அடுப்படிப் பூச்சி!"

"இது உங்க முத்திரை போட்ட பெட்டி, பாருங்க. நீங்க அனுப்பினதுல ஒண்ணை மட்டும் கொட்டகையில கொட்டாம, மாடியில தனியா வச்சிருந்தேன். அடுப்படி வாசனையே படல. அசல் அமெரிக்கா."

அவள் நடந்துகொண்டே பேசினாள். வேலையாட்கள் இரண்டு பேர் குறுக்கே வந்துவிட்டு, தட்டிப் பறித்தால் பெட்டி கவிழுமே என்று அப்படியே நின்றார்கள். குய்லிங் கொட்டகைக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள். உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. ஒரு கை மூடிக்குப் போயிற்று.

"திறக்காதடி!" பாவ் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினான். "அது ஜெர்மன்! ஒண்ணு உள்ள போனாலும் என் குடி முழுகிடும்!"

"ஜெர்மனா? எப்படிச் சொல்றீங்க? இன்னும் திறக்கவே இல்லையே."

"எனக்குத் தெரியாதா? உனக்கு அனுப்பின அத்தனை பெட்டியும் ஜெர்மன்தான்! பஸ் ஸ்டாண்டு ஓட்டல் அடுப்படியில நானே புடிச்சுப் போட்டது! மூடியிலேருந்து கையை எடு!"

தலைவர் மெங் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார். மைத்தட்டில் பெருவிரலைத் தோய்த்து வைத்திருந்த கிழவர், அதைத் தன் கால்சட்டையில் அழுத்தித் துடைத்தார்.

பாவ் அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். இருபது முகங்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

குய்லிங் கொட்டகைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு பெட்டியின் மூடியை நிதானமாகத் திறந்து, உள்ளே கைவிட்டு, வறுத்த தர்பூசணி விதை ஒன்றை எடுத்து முன்பல்லில் வைத்து உடைத்தாள்.

"பூச்சியெல்லாம் போன குளிர்லயே செத்துப்போச்சு, முதலாளி."