புளி போட்டுத் தேய்த்த பேட்ஜ்

கிரீடமா, சிங்கமா? அது தெரியாமல் அரை மணி நேரமாக என் உயிர் போகிறது.

கிரீடம் என்றால் வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளம். சிங்கம் என்றால் சுதந்திரத்துக்கு அப்புறம். இந்தப் பித்தளை பேட்ஜில் அது இருக்க வேண்டிய இடம் மழமழவென்று கிடந்தது. பின்னால் இரண்டு வளையம். அதை வைத்தும் சொல்ல முடியாது. இரண்டு காலத்திலும் அதே வளையம்தான்.

கொண்டுவந்தவர் மாகறல் ஆதிகேசவன். கூட அவருடைய அம்மா பூவம்மாள், எண்பது தாண்டியவர். பூவம்மாளின் அப்பா பர்மா சண்டையில் செத்தவராம். அந்தச் சண்டையில் இறந்தவர்களுக்கு ஊரில் கல் வைக்கிறார்கள். பேட்ஜ் அந்தக் காலத்ததுதான் என்று பழம்பொருள் மதிப்பிடும் நான் எழுதிக் கொடுத்தால் கல்லில் அவர் பெயர் ஏறும்.

"வெள்ளிக்கிழமையானா அம்மா குத்துவிளக்கோட இதையும் புளி போட்டு தேய்ப்பாங்க கனி பாய். தாத்தா செத்த சேதி வந்தப்ப ஆயாவுக்கு இருபது வயசுகூட ஆவல. அன்னிக்கே பூவும் பொட்டும் போச்சு," என்றார் ஆதிகேசவன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புளியாம் புளி! பழைய பொருளைத் தேய்க்காதீர்கள் என்று முப்பது வருஷமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேன், காஞ்சிபுரத்தில் ஒருத்தர் கேட்பதில்லை. பூவம்மாளை நன்றாகத் திட்டிவிட்டேன்.

போன் வந்து ஆதிகேசவன் வெளியே போனார். நான் பேட்ஜை வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். கீழே பட்டாளத்தின் பெயரில் ஓர் எழுத்துகூட மழுங்கவில்லை. புளி எல்லா இடத்தையும்தானே தேய்க்கும்? மேலே மட்டும் பொடிப் பொடியாகக் கீறல். கல்லில் வைத்து உரசியிருக்கிறார்கள்.

நிமிர்ந்து பூவம்மாளைப் பார்த்தேன்.

"ரூபா காசுல இருக்குதே, அதே சிங்கம்பா. எனக்கு பதினாலு வயசு. யாரோ ஒரு ஆளு வந்து, உங்கப்பா போன மாசம்தான் தவறிட்டாருன்னு சொல்லி இத குடுத்துட்டுப் போனாரு. பன்னெண்டு வருஷமா வெறும் நெத்தியோட இருந்த அம்மா நடவுக்குப் போயிருந்தாங்க. அவங்க வர்றதுக்குள்ள அம்மியில வெச்சு தேச்சுட்டேன். பர்மாவுல இருந்து வந்துச்சுன்னு குடுத்தேன். சாகறவரைக்கும் அதுக்கு பொட்டு வெச்சாங்க."

ஆதிகேசவன் உள்ளே வந்தார். "கிரீடம்தானே பாய்?"

எனக்குத் திட்டத்தான் தெரியும். "உங்கம்மா புளி போட்டு தேச்சு நாசம் பண்ணிட்டாங்க. இனிமே எவனாலயும் சொல்ல முடியாது, எடுத்துக்கினு போங்க!" என்று மறுபடியும் கத்தினேன்.

"தப்புதான்பா," என்றார் பூவம்மாள்.