முதல் சாட்சி

"மன்னிப்புன்னு ஒரு வார்த்த. வேட்பு மனுவ வாபஸ் வாங்குதேன்னு ஒரு கையெழுத்து. அம்புட்டுத்தான் தங்கச்சி. கேஸ் இருந்த எடந்தெரியாமப் போயிரும்" என்றார் பொன்னுராஜ்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிர்த்த டீக்கடை பெஞ்சில் பாண்டிசெல்வி உட்கார்ந்திருந்தாள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறி ஓட்டுகிறவள். நகராட்சித் தேர்தலில் சுயேச்சை வேட்பாளர். பக்கத்தில் அவளுடைய வக்கீல் ஷெரின். பொன்னுராஜ் சமாதானத்துக்காக வாங்கி வந்திருந்த பால்கோவாவை ஷெரின் ஒரு வார்த்தை பேசாமல் தின்றுகொண்டிருந்தாள்.

பொன்னுராஜ், துணி வெளுக்கிற நவநீதகிருஷ்ணனின் பிளீச்சிங் மில்லில் மேனேஜர். முதலாளி காலையிலேயே சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: "இன்னைக்கு மூணு மணியோட வாபஸ் முடியுது. அவ கையெழுத்தோட வா. இல்லாட்டி நாளையிலருந்து மில்லுப் பக்கமே வராத."

இத்தனைக்கும் பாண்டிசெல்வி பேசியது நாலே வரி. மூன்று மாதத்துக்கு முன்னால், ஒரு தெருமுனைக் கூட்டத்தில்.

"எல்லாக் கட்சிக்கும் நன்கொடை குடுக்குற பெரிய மனுசன் ஒருத்தரு, பிளீச்சிங் தண்ணிய நம்ம ஓடையில விடுதாரு. எம்மக பள்ளிக்கூடத்து நீலப் பாவாடை ரெண்டே தொவைப்புல வெள்ளையாயிருச்சு. அவரு காசுல எலக்சன்ல நிக்கவுக இதக் கேக்க மாட்டாக. நான் கேப்பேன்."

மறுவாரமே நவநீதகிருஷ்ணன் அவதூறு வழக்குப் போட்டார்.

"நான் யாரு பேரையும் சொல்லலையே அண்ணாச்சி" என்றாள் பாண்டிசெல்வி.

பொன்னுராஜுக்குச் சிரிப்பு வந்தது. "பேர் சொல்லாட்டித் தப்பிச்சிரலாம்னு நெனச்சியாக்கும்! எங்க வக்கீலும் அதத்தான் மொதல்ல கேட்டாரு. 'ஓடை நெடுக மில்லு இருக்கு. அம்புட்டு மொதலாளியும்தான் கட்சிக்கு நன்கொடை குடுக்காக. ஒங்களத்தான் சொன்னதா கோர்ட்டு எப்படி நம்பும்? அதுக்குச் சாட்சி கொண்டாங்க'ன்னாரு. கொண்டாந்தோம். மொத சாட்சியே நாந்தான்."

"என்னன்னு சொன்னீக?"

"சத்தியம் பண்ணிச் சொன்னேன். 'அந்த ஓடையில பைப்பு எறக்கியிருக்கது எங்க மில்லு ஒண்ணுதான். வேற எவனுக்கும் கெடையாது. அதனால இந்தம்மா பேசினது எங்க மொதலாளியத்தான்'னேன். மாஜிஸ்ட்ரேட் ஐயாவே பேனாவ வச்சிட்டு என்னையப் பாத்தாரு."

"பாத்திருப்பாரு" என்றாள் ஷெரின். அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"வாயால சொன்னா நம்பிருவாகளா?" என்று கேட்டாள் பாண்டிசெல்வி.

"அதான் எடத்தையும் சொன்னேன். சுடுகாட்டுப் பாலத்துக்குத் தெக்க, கருவேலங்காட்டுக்குள்ள, மண்ணுக்கு அடியில. சாட்சின்னா அப்படி இருக்கணும். எனக்கு அடுத்தாப்புல மலைச்சாமியும் பாண்டிதுரையும் ஏறி ஆமான்னு சொன்னாக. பைப்புக்குக் குழி வெட்டுனதே அவுகதான? எங்க வாக்குமூல நகல் ஒனக்கும் வந்திருக்குமே?"

"போன வாரமே வந்துச்சு. வக்கீலம்மா ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டுனாக."

"பொறவென்ன?"

"அப்ப நான் பேசினது உண்மதான அண்ணாச்சி?"

பொன்னுராஜ் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். "உண்மையா பொய்யாங்கிறதெல்லாம் கடைசியில பாக்குற விசயம். அதுக்குப் பத்து வருசமாகும். அதுவரைக்கும் வாய்தாவுக்கு வாய்தா நீ பஸ் ஏறி இங்க வரணும். தறிய யாரு ஓட்டுவா? மொதலாளிக்கு கேஸ் ஜெயிக்கணும்னெல்லாம் ஆச இல்ல தாயி. கேஸ் நடந்தாப் போதும். ஒன்னைய மாதிரி போன எலக்சன்ல ஒருத்தன் பேசினான். இப்ப எங்க மில்லு வாசல்லதான் வாட்ச்மேனா நிக்கான். நல்ல பையன்."

பாண்டிசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். கடைச் சுவரில் மணி ஒன்றரை. ராஜபாளையத்துக்கு இப்போது பஸ் ஏறினால் நகராட்சி ஆபீசுக்கு நேரத்தோடு போய்விடலாம். பொன்னுராஜ் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியையும் கழற்றி நீட்டினார்.

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். பொன்னுராஜுக்கு மூச்சு வந்தது.

"செத்த நேரம் பொறுங்க அண்ணாச்சி. ஒரு போன் வரணும்."

போன் வந்தது. ஆனால் பொன்னுராஜுக்கு.

"யோவ்!" முதலாளியின் குரல் டீ ஆற்றிக்கொண்டிருந்தவருக்கே கேட்டது. "பாலத்துக்குத் தெக்க ஊரே தெரண்டு நிக்குதுய்யா! அந்தப் பொம்பள புகார் குடுத்தாளாம், மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுலருந்து வந்து தோண்டுதாக. அங்கயும் இங்கயும் தேடல, நேரா பைப்புக்கு மேலயே வந்து நின்னு தோண்டுதாக! அந்தக் காட்டுக்குள்ள எடம் எப்படிய்யா தெரிஞ்சுது அவளுக்கு?"

பொன்னுராஜ் போனைக் காதிலிருந்து எடுக்காமலே பாண்டிசெல்வியைப் பார்த்தார். அவள் பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அன்னைக்குக் கூட்டத்துல நீ எங்க மொதலாளியத்தான சொன்ன?"

பாண்டிசெல்வி பேனாவை அவர் சட்டைப் பையிலேயே செருகினாள்.

"யாருன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே பேரச் சொல்லியிருக்க மாட்டேனா அண்ணாச்சி?"