அடித்தவனே அழைத்து வந்தான்

குக்கர் மூடியால் நெற்றியில் அடித்தவனே, தன் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கும் கூட்டி வந்தால் அவனை என்ன செய்வது?

போலீசில் பிடித்துக் கொடுப்பது என்று தையற்காரர் முடிவு செய்துவிட்டார்.

அடித்தவன் கூடப் பிறந்த தம்பி. எதிரிலேயே பாத்திரக்கடை. ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் ஒன்றும் சின்னதில்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு, அண்ணன் அளவெடுத்துத் தைத்த சட்டையை வீட்டில் போட்டுவிட்டு, ரெடிமேட் சட்டையில் வந்து நின்றான். வாடிக்கையாளர்கள் அத்தனை பேர் முன்னால்! நீங்களே சொல்லுங்கள்.

இன்றைக்கு இவர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது மூடியோடு வந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. ணங்கென்று ஒன்று வைத்தான்.

தெருமுனையில் கிளினிக் இருக்கிறது. அதைத் தாண்டி இவ்வளவு தூரம் இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வந்தான். வழியெல்லாம் ரத்தம் போகட்டும் என்ற நல்ல எண்ணம்தான்!

அவசரப் பிரிவில் மூன்று தையல் போட்டார்கள். மூன்றும் ஒரே சீராக இல்லை என்ற வருத்தம் வேறு அவருக்கு.

"தலை சுத்துதுன்னு சொன்னீங்க இல்ல, ரத்தம் எடுக்கணும்" என்று நர்ஸ் வந்தாள். "இங்க யாருக்கு ரத்தம் எடுத்தாலும் எச்.ஐ.வி.யும், மஞ்சள் காமாலைக் கிருமி ரெண்டு வகையும் சேர்த்துப் பார்ப்போம். வேண்டாம்னா சொல்லிடலாம்."

தையற்காரர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார்.

"என்னைப் பார்த்தா அந்த மாதிரி ஆளாவா தெரியுது?"

"ஆளைப் பார்த்து எடுக்கிறதில்லைங்க. எல்லாருக்கும்தான். போன மாசம் எனக்கே எடுத்தாங்க."

"எனக்கு வேண்டாம்."

படுக்கையைச் சுற்றியிருந்த திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பியின் குரல் வந்தது.

"விடுங்க சிஸ்டர். இன்னொரு குழாய் ரத்தம்னா தாங்க மாட்டாரு. ஊசின்னா பயம்."

"சிஸ்டர், அந்த ஆள்கிட்ட சொல்லுங்க. நாப்பது வருஷமா ஊசியோட குடும்பம் நடத்துறவன் நான்!"

"அது துணியைக் குத்துற ஊசின்னு சொல்லுங்க சிஸ்டர். தன் கையில பட்டா அப்பவும் அம்மான்னுதான் கத்துவாரு."

"நானா கத்துவேன்? எடும்மா! மூணு கிருமி என்ன, முப்பது பாரு!"

நர்ஸ் சட்டென்று எடுத்துக்கொண்டாள். தையற்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, கத்தாமல் ஜெயித்தார்.

"ஆச்சா? இப்ப கம்ப்ளெயின்ட் எழுது. போலீஸ் வரணும். இன்னைக்கே அவன் உள்ள போகணும். ரெடிமேட் சட்டையையும் சேர்த்து எழுதிக்கோ."

நர்ஸ் பேப்பரும் பேனாவுமாகத் திரைக்கு வெளியே போனாள்.

"ஏங்க, பெரிய மனுஷன்தானே நீங்க? அண்ணனைப் போய் எதுக்கு அடிச்சீங்க?"

தையற்காரர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"ரத்தம் எடுத்தாச்சுல்ல சிஸ்டர்? அனுப்பிட்டீங்கல்ல?"

"அனுப்பியாச்சு."

"அப்ப எழுதிக்குங்க, நான்தான் அடிச்சேன். எட்டு மாசம் முன்னாடி எனக்கு ஹெபடைடிஸ் பி, நீங்க சொன்ன அந்த மஞ்சள் காமாலைக் கிருமில ஒண்ணு, இருக்குன்னு சொன்னாங்க. அம்மா வயித்துலேர்ந்து பிறக்கும்போதே வந்திருக்கலாமாம். கூடப் பொறந்தவங்களையும் கட்டாயம் பார்க்கச் சொன்னாரு டாக்டர். வெளியே ஒண்ணும் தெரியாதாம், உள்ள ஈரலைத் தின்னுடுமாம். முன்னாலயே கண்டுபிடிச்சா மாத்திரையில அடக்கிடலாம். எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன். இங்க வந்தா எல்லாருக்கும் பார்ப்பாங்கன்னு கேள்விப்பட்டேன். அவரை எப்படி இங்க கொண்டு வர்றது, சொல்லுங்க?"

திரைக்கு உள்ளேயிருந்து தையற்காரரின் சத்தம் வந்தது.

"சிஸ்டர், இதை வாயால சொல்றதுக்கு என்னன்னு கேளுங்க. மூடியாலதான் சொல்லணுமா?"

"எட்டு மாசமா தினம் கடை வாசல்ல போய் நின்னேன் சிஸ்டர். 'அண்ணே'ன்னு வாயெடுத்தாப் போதும், என் பேச்சு காதுல விழக்கூடாதுன்னு வெறும் மிஷினைக் கடகடன்னு ஓட்டினது யாருன்னு கேளுங்க. துணி கூட இருக்காது சிஸ்டர், வெறும் மிஷின்!"

நர்ஸ் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பேனாவைத் திறந்தாள்.

"சொல்லுங்க ஐயா. கம்ப்ளெயின்ட் யார் மேல எழுதட்டும்?"