மேடையில் அழுத ஹொலிவுட்காரர்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, லண்டன் குட்மேய்ஸ் பள்ளி மண்டபத்தில், தமிழ்க் கலாமன்றத் தலைவர் பரமேஸ்வரன் ஒலிவாங்கியைப் பிடித்தார். மூன்றே முக்காலாகியும் அவர் அதை விடவில்லை.

பேச்சின் தலைப்பு ஒரின் டட்டிலின் ஐம்பத்திரண்டு ஆண்டுத் திரைவாழ்வு.

அந்த டட்டில் மேடையில்தான் இருந்தார். எழுபத்தாறு வயது அமெரிக்கர். தோளில் பொன்னாடை, கையில் ஆறிப்போன தேநீர். படம் இல்லாத நாட்களில் பேஸ் கிற்றார் வாசிப்பவர்; லண்டனில் யாரோ ஒரு பாடகிக்குப் பின்னால் நின்று வாசிக்க வந்தவரை, மன்றத்துச் செயலாளர் கௌசிகன் எப்படியோ பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். சுவரொட்டியில் 'ஹொலிவுட் உச்ச நட்சத்திரம்' என்று போட்டிருந்தார்கள்.

சபையில் இருந்த நூற்றிருபது பேரில் ஒருவருக்கும் அவருடைய பெயர் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் அவரை எங்கேயோ பார்த்த ஞாபகம் இருந்தது.

அது பொய்யில்லை. நூற்று நாற்பது படங்களில் அவர் இருந்திருக்கிறார். கதாநாயகன் தன் துயரத்தைச் சொல்லும்போது கிளாஸைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருக்கும் மதுக்கடைக்காரர் அவர். கொலைகாரனின் பாவ அறிக்கையைக் கேட்கும் பாதிரியார் அவர். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பாதிப் படத்தில் செத்துப்போகும் நோயாளியும் அவர்தான்.

வசனமெல்லாம் மற்றவர்களுக்கு. கேட்பது இவருக்கு.

பரமேஸ்வரன் இவ்வளவையும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, 1989இல் சுவிஸில் பேர்ண் நகரத்து மேடையில் தான் அரசனாக நடித்த கதைக்கு வந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் எடுத்த குறும்படம். இருபத்திரண்டு நிமிடம். தகப்பன், நீதிபதி, தகப்பனின் ஆவி, மூன்றும் அவரே.

விருந்தினருக்கு மொழிபெயர்க்க நகுலேஸ்வரியைப் பக்கத்தில் இருத்தியிருந்தார்கள். அறுபத்தொரு வயது. கவுன்சிலில் இருபது வருடம் சனங்களின் முறைப்பாடுகளைக் கேட்டுக் கேட்டு ஓய்வுபெற்றவள்.

முதலில் அவள் அவருடைய காதோடு நேர்மையாகத்தான் மொழிபெயர்த்தாள்.

"தான் அரசனாக நடித்ததாகச் சொல்கிறார்."

பத்து நிமிடம் கழித்து, "இன்னும் அரசன்தான்."

டட்டில் தலையாட்டினார். கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து, கண்ணை எடுக்காமல், அவள் அடுத்ததாக என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார். அது அவருடைய தொழில் என்று நகுலேஸ்வரிக்குத் தெரியும். ஐம்பத்திரண்டு வருடமாகச் சம்பளம் வாங்கிப் பழகிய முகம்.

ஆனாலும், தொழிலுக்காகக்கூட அவளை ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை.

"வருகிற வெள்ளிக்கிழமை நான் வீட்டை விட்டுப் போகிறேன்," என்றாள் ஆங்கிலத்தில். அதே மொழிபெயர்ப்புக் குரல். அதே வேகம்.

வாய்க்குப் போன தேநீர் பாதி வழியில் நின்றது.

அவள் நிறுத்தவில்லை. கோலியர்ஸ் வுட்டில் ஒற்றை அறை வீடு எடுத்திருக்கிறாள். கதவுத் திறப்பு கைப்பையில் இருக்கிறது. கலியாணம் கட்டி முப்பத்துநாலு வருடம். புருஷன் அடிப்பதில்லை, குடிப்பதில்லை. முறைப்பாடு என்று எழுதிக் கொடுத்தால் கவுன்சில்கூட ஏற்றுக்கொள்ளாது. பெப்ரவரியில் அவளுடைய தங்கச்சி செத்துப்போனாள். அந்தச் செய்தியைச் சொல்லப் போனபோது, ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டிவிட்டு அவர் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஒரு நிமிடம் இன்னும் முடியவில்லை."

"நீங்கள் போவது அவருக்குத் தெரியுமா?" என்று டட்டில் மெதுவாகக் கேட்டார்.

"மூன்று தரம் சொன்னேன். ஒவ்வொரு தரமும் அவர் கதைத்துக்கொண்டிருந்தார்."

டட்டிலின் கண்ணிலிருந்து நீர் வழிந்து பொன்னாடையில் விழுந்தது.

முன்வரிசையில் இருந்த கௌசிகன்தான் முதலில் கண்டார். பக்கத்தில் இருந்தவரின் விலாவில் இடித்தார். ஒருவர் கைதட்ட, மண்டபம் முழுக்கத் தட்டியது.

பரமேஸ்வரன் திரும்பிப் பார்த்தார். தன் மொழியே தெரியாத ஒரு மனிதன் தன் பேச்சைக் கேட்டு அழுகிறான்! தொண்டையைச் செருமிக்கொண்டு, பேர்ண் நகரத்து அரசனின் புலம்பலை முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினார். இந்த முறை கை அசைவுகளோடு.

நாலே காலுக்கு முடித்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக இவர்களிடம் வந்து டட்டிலின் தோளில் கையைப் போட்டார்.

"இஞ்சாரும், மனுசன் எந்த இடத்திலை அழுதவர் எண்டு ஒருக்காக் கேளும்."

முப்பத்துநாலு வருடமாக அவர் நகுலேஸ்வரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டிலும் 'இஞ்சாரும்'தான்.

டட்டிலுக்குத் தமிழ் தெரியாது. தோளில் கிடந்த கையைப் பார்த்தார். அவளுடைய முகத்தைப் பார்த்தார். அதை ஒருவரும் அவருக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. எத்தனையோ கொலைகாரர்களின் கதையை அசையாமல் கேட்ட அந்த முகம் சிவந்து, ஏதோ சொல்ல வாயெடுத்தது.

அவள் முந்திக்கொண்டாள்.

"கோலியர்ஸ் வுட் எண்டு வந்த இடத்திலை."

பரமேஸ்வரன் யோசித்தார். கோலியர்ஸ் வுட்டைப் பற்றித் தான் பேசியதாக அவருக்கு ஞாபகம் இல்லை. பேசியிருக்கவும் கூடும்.

"பாத்தீரே! அப்ப அங்கையும் ஒரு கிளை துவங்கவேணும்," என்றார், படமெடுக்கக் கூப்பிட்டவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டு.