ஒரு மடக்கு சாக்கே

என் கை அதுபாட்டுக்கு அலமாரிக்குப் போனது. சாக்கே புட்டியை எடுத்தது. கொதிக்கிற சூப்பில் ஒரு மடக்கு சாய்த்தது. மூடி போட்டுத் திரும்ப வைத்தது.

நான் அப்போது முள்ளங்கி விலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

சட்டியை இறக்குமுன் ஒரு மடக்கு சாக்கே. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்தக் கைக்கு அது பழக்கம். எங்கள் அய்சு மலைப்பக்கத்தில் எந்தச் சமையல்காரனும் அந்த அரிசிச் சாராயத்தைக் குடி என்று சொல்ல மாட்டான். உப்பு, சோயா மாதிரி அதுவும் ஒரு சாமான்.

ஆனால் கூடத்தில் உட்கார்ந்திருந்த இருவருக்கு அது சாமான் இல்லை.

ஹஃபீஸாவும் அவள் புருஷன் ஸுல்ஹில்மியும் கடல் தாண்டிக் கெடாவிலிருந்து செண்டாய் நகரத்துக்குப் படிக்க வந்த பிள்ளைகள். இலையுதிர்காலம் பார்க்க மலையேறி வந்திருக்கிறார்கள்.

"நேத்துலேர்ந்து வாழைப்பழம்தான் மாமா. உங்க வாசல்ல அட்டையைப் பார்த்ததும் இவர் ஓடியே வந்துட்டார்" என்று செருப்பைக் கழற்றும்போதே சொல்லியிருந்தாள்.

அந்த அட்டை என் சாப்பாட்டுக் கடைக்கு நகராட்சி கொடுத்தது. 'ஹலால், வீகன் இரண்டும் உண்டு.' முன்னவருக்குச் சாக்கே ஆகாது, பின்னவருக்கு மீன் வாசமே ஆகாது. நான் இரண்டையும் விட்டுவிட்டேன். எங்கள் ஊர்க் கல்யாண சூப்பிலிருந்து காய்ந்த சிப்பியை எடுத்தேன், சாக்கேயை எடுத்தேன். கடற்பாசியும் காளானும் என் வீறாப்பும் மிஞ்சின.

"ஏம்ப்பா கின்ஜி, இது சூப்பா, பானை கழுவின தண்ணியா?" என்று பழைய வாடிக்கையாளர் தமேகிச்சி முதல் நாளே கேட்டார். அவருக்கு மட்டும் இன்றைக்கும் பழையபடி தனிச் சட்டி, தனிக் கரண்டி. அதற்காகத்தான் அந்தப் புட்டி அலமாரியில் இருந்தது.

திரும்பினேன். என் மனைவி மிசாயோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் பார்த்ததை நான் பார்த்தேன்.

அவள் அரக்குக் கிண்ணம் இரண்டை எடுத்தாள். சூப்பை ஊற்றினாள். தட்டில் வைத்துக் கூடத்துக்குக் கொண்டுபோனாள்.

கரண்டி மாறினாலே வீட்டை இரண்டாக்குகிறவள். பானைகளுக்குத் தனித் தனித் தேய்ப்பான் வாங்கி வைத்தவள். இவளா?

ஓடினேன். பாயில் முழங்கால் சறுக்கி அந்தப் பெண்ணின் முன்னால் போய் விழுந்தேன்.

"குடிக்காதீங்கம்மா! சாக்கே விழுந்துடுச்சு. என் கைதான், வேற யாருமில்ல."

கிண்ணம் அவள் உதட்டருகில் நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது.

"சொல்லாம விட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது மாமா" என்றான் ஸுல்ஹில்மி.

"அதனாலதாம்ப்பா சொன்னேன்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹஃபீஸாதான் சிரித்தாள். "வெறும் சோறு இருக்கா?"

புது அரிசிச் சோறு இருந்தது. உப்பும் எள்ளும் தூவிச் சாப்பிட்டார்கள். பசியில் சாப்பிட்டார்கள். பார்க்க முடியாமல் உள்ளே போய் முழுப் பானையையும் தொட்டியில் கவிழ்த்தேன். மிசாயோ வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். வெட்கம் போலிருக்கிறது, இருக்கட்டும் என்று நினைத்தேன்.

புறப்படும்போது அந்தப் பையன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"யார் கேட்டாலும் உங்க கடையைத்தான் சொல்வோம் மாமா. உங்களை நம்பிச் சாப்பிடலாம்."

எனக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடே மிசாயோவை ஒரு முறை முறைத்தேன்.

கதவு மூடியதும் கேட்டேன். "எப்படி மிசாயோ உனக்கு மனசு வந்தது? பார்த்துட்டேதானே கொண்டுபோனே?"

அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

ஆற்றாமையில் அந்தப் புட்டியையே எடுத்து டீக் கோப்பையில் நிறைய ஊற்றி ஒரே மூச்சில் குடித்தேன்.

தண்ணீர்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர். நல்ல தண்ணீர்தான், அதில்தான் ஊரே சாக்கே காய்ச்சுகிறது. இது இன்னும் காய்ச்சப்படவில்லை.

"நாத்து நட்டப்பவே மாத்திட்டேன்" என்றாள் மிசாயோ, திரும்பாமல். "அன்னிக்கும் உங்க கை அலமாரிக்குப் போச்சு. நான்தான் தட்டிவிட்டேன். நீங்க ஏதோ ஜோக் சொல்லிட்டிருந்தீங்க."

"அப்போ தமேகிச்சிக்கு வச்ச மீன் குழம்பெல்லாம்?"

"தண்ணிதான். ரெண்டாந்தரம் கேட்டுல்ல வாங்கித் தின்னார்?"

நாக்குக்குப் பேர்போன ஆள் நான். அந்தக் குழம்பை நானும் தினம் ருசி பார்த்துத் தலையாட்டியிருக்கிறேன். அதை அவள் சொல்லிக்காட்டவில்லை.

"அந்தப் பிள்ளைங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே! பசியோட வந்ததுங்க. பானை நிறைய நல்ல சூப்பு!"

மிசாயோ துணியைப் பிழிந்தாள்.

"எப்படிங்க சொல்றது? கட்டின புருஷனை நம்பாம புட்டிய மாத்தி வச்சேன்னு, வெளியாளுங்க முன்னாடியா?"

என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கோப்பையைக் கழுவி வைத்தேன். உலகத்தில் என்னை முழுசாக நம்புகிறவர்கள் இரண்டு பேர். உப்புச் சோறு தின்ற வயிற்றோடு அவர்கள் இந்நேரம் செண்டாய் பஸ்ஸில் ஏறியிருப்பார்கள்.